"அந்த மாத்திரை இருக்கா அண்ணே?": கொரோனா காலத்தில் மருந்துக் கடையில் கேட்ட கேள்விகள்

மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்தவன், டாக்டர் இல்லை. 2020 மார்ச்சிலிருந்து 2021 கடைசி வரை கடைக்கு முன்னால் கயிறு கட்டி, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி வியாபாரம் பார்த்த நாட்களில் வந்த கேள்விகள் இவை. அன்றைக்கு அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொன்னேன், சிலவற்றுக்குத் தப்பாகவே சொன்னேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன். நாளைக்கு வேறு பெயரில் ஒரு காய்ச்சல் வந்தாலும் மருந்தின் பெயர்தான் மாறும், கேட்கிற கேள்வி மாறாது.

எங்க மச்சான் அந்த மாத்திரையப் போட்டு நாலே நாள்ல எந்திரிச்சுட்டாரு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

மச்சான் எழுந்தது நிஜம். மாத்திரையால் எழுந்தாரா என்பதுதான் கேள்வி. கொரோனா வந்தவர்களில் பெரும்பாலானோர் தனி மருந்து எதுவும் இல்லாமலே ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிட்டார்கள். அந்த நாட்களில் மிளகு ரசம் குடித்திருந்தால் ரசத்துக்குப் பெயர், மாத்திரை போட்டிருந்தால் மாத்திரைக்குப் பெயர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மாத்திரை வாங்கிப் போய்த் தேறியவர் திரும்பி வருவார். "அதே மாத்திரை இன்னும் ஒரு அட்டை குடுங்க, சித்தப்பாவுக்கும் காய்ச்சல்" என்பார். தேறாதவர் வரமாட்டார். அவர் வீட்டார் தோப்பூர் ஆஸ்பத்திரிக்கும் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கும் அலைந்துகொண்டிருப்பார்கள், என் கடை அவர்களுக்கு ஞாபகமே வராது. ஆக என் காதுக்கு வந்ததெல்லாம் பிழைத்தவர் கதைதான். அதைக் கேட்டுக் கேட்டு நானும் பல மாதம் அந்த மாத்திரைகளை நம்பினேன்.

அப்ப நிரூபிச்ச மருந்துன்னா என்ன? யாரு நிரூபிக்கிறது?

வராதவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் நிரூபணம்.

ஒரே மாதிரி நோய் உள்ள ஆயிரம் பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொன்றுக்கு அதோடு புது மருந்தும். குலுக்கல் எதற்கு? டாக்டர் விருப்பத்துக்கு விட்டால், தெம்பாக இருக்கும் இளவட்டத்துக்கு மருந்து போய்விடலாம், அல்லது சாகக் கிடப்பவருக்கு மட்டும் போகலாம். இரண்டிலும் கணக்கு கெட்டுவிடும். குலுக்கிப் போட்டால் சர்க்கரைக்காரர், வயசாளி, புகைப்பவர் எல்லாரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். பிறகு எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், பாதியில் எத்தனை பேர் நிறுத்தினார்கள் என்று ஒருவரையும் விடாமல் எண்ண வேண்டும்.

இதற்கு வருடக்கணக்காகும் என்று சொல்வார்கள். ஆகவேண்டியதில்லை. பிரிட்டனில் ரெக்கவரி என்ற ஆய்வு 2020 மார்ச்சில் தொடங்கியது, ஜூனிலேயே இரண்டு பெரிய விடைகளைச் சொல்லிவிட்டது. ஒன்று வேலை செய்யாத மருந்து, இன்னொன்று வேலை செய்யும் மருந்து. இரண்டையும் கீழே சொல்கிறேன்.

மலேரியா மாத்திரை கொரோனாவுக்குக் கேட்கும்னு எப்படிப் பேச்சு வந்துச்சு?

ஹைட்ராக்சிகுளோரோகுயின். முடக்குவாதக்காரர்களும் லூபஸ் (எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய்) நோயாளிகளும் மாதா மாதம் வாங்கும் மாத்திரை, கடையில் எப்போதும் நாலைந்து அட்டைதான் இருக்கும். 2020 மார்ச்சில் பிரான்சில் தீதியே ரவூல் என்பவரின் குழு ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டது. கணக்கில் காட்டிய நோயாளிகள் 36 பேர். மாத்திரை போட்டவர்களுக்கு வைரஸ் சீக்கிரம் மறைந்தது என்றார்கள். குலுக்கல் எதுவும் கிடையாது. அமெரிக்க அதிபர் ட்ரம்ப் அதைத் தூக்கிப் பிடித்தார், உலகம் முழுக்க மருந்துக் கடைகள் காலியாயின.

அந்த ஆய்வின் உள்ளே ஒரு விஷயம் இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்தவர்கள் 26 பேர். கடைசிக் கணக்கில் வந்தவர்கள் 20 பேர்தான். மீதி ஆறு பேரில் மூன்று பேர் ஐ.சி.யூ.வுக்குப் போய்விட்டார்கள், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டார், ஒருவர் குமட்டலால் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆறு பேரையும் கணக்கில் சேர்க்கவில்லை. என் கல்லாவுக்குத் திரும்பி வராதவர்களை நான் எண்ணாமல் விட்ட மாதிரியேதான். நான் தெரியாமல் விட்டேன்.

2020 ஜூன் 5 அன்று ரெக்கவரி ஆய்வு முடிவைச் சொன்னது. மாத்திரை பெற்ற 1,561 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 27 சதவீதம். பெறாத 3,155 பேரில் 25 சதவீதம். அதாவது பலன் இல்லை. பத்து நாளில் அமெரிக்காவும் இந்த மாத்திரைக்குத் தந்திருந்த அவசர அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுக் கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2024 டிசம்பரில் விலக்கிக்கொண்டது. நாலே முக்கால் வருடம் கழித்து.

சரி, பலன் இல்லாட்டிப் போகுது. போட்டா கெடுதல் ஒண்ணும் இல்லையே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்டார்கள். பதில்: இருக்கிறது, பல வழியில்.

இந்த மாத்திரை சிலருக்கு இதயத்துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அதே வேலையைச் செய்யக்கூடியது. அந்த இரண்டையும் சேர்த்துத்தான் வாட்ஸ்அப்பில் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இதய நோய் இருப்பவருக்கு அது விளையாட்டில்லை.

அடுத்தது, உண்மையில் தேவைப்படுபவருக்குக் கிடைக்காமல் போவது. கள்ளிக்குடிப் பக்கமிருந்து ஒரு அம்மா லூபஸுக்காக வருடக்கணக்கில் என்னிடம் வாங்குவார். 2020 ஏப்ரலில் அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒரு மாத்திரை இல்லை. இரண்டு வாரம் முன்னால் நல்ல உடம்போடு வந்து "சும்மா வீட்ல இருக்கட்டும்" என்று வாங்கிப் போனவர்களிடம் எல்லாம் இருந்தது. மத்திய அரசு மார்ச் 26 அன்றே இதை எச்1 மருந்துகளின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தது. அதாவது டாக்டர் சீட்டு வேண்டும், நோயாளி பெயரும் டாக்டர் பெயரும் தனி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், ரிஜிஸ்டரை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் சரக்கு வீட்டு அலமாரிகளுக்குள் போய்விட்டது. அந்த அம்மாவுக்கு மூட்டு வீங்கி நடக்க முடியாமல் போனது.

மூன்றாவதாக, நேரம். மாத்திரை போட்டிருக்கிறோமே என்ற தைரியத்தில் மூச்சு வாங்குவதை இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கிய பிறகு வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு மணியும் எமனுக்குக் கொடுக்கும் வாய்தா.

ஐவர்மெக்டின்?

இதில் நான் குற்றவாளி. 2021 மே மாதம் அட்டை அட்டையாக விற்றேன். சீட்டு இல்லாமல் வந்தவர்களுக்கும் கொடுத்தேன். நானும் போட்டேன், என் வீட்டுக்காரிக்கும் கொடுத்தேன்.

பூச்சி மாத்திரை அது. யானைக்கால் ஒழிப்புக்கும் சொறிக்கும் நல்ல மருந்து. ஆஸ்திரேலியாவில் 2020 ஏப்ரலில் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் கொரோனா வைரஸை அது அடக்கியது என்று ஒரு செய்தி வந்தது. அங்கே பயன்படுத்திய அடர்த்தியை மனித ரத்தத்தில் கொண்டுவர வேண்டுமானால் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு விழுங்க வேண்டும். ஆய்வகத் தட்டில் சோப்புத் தண்ணீரும்தான் வைரஸைக் கொல்லும்.

எகிப்திலிருந்து வந்த ஓர் ஆய்வு பிரமாதமான பலனைக் காட்டியது. ஆய்வு தொடங்கும் முன்பே இறந்தவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், ஒரே விவரம் பல இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று புகார் கிளம்பியதும் 2021 ஜூலையில் அது நீக்கப்பட்டது. மருந்தைத் தயாரிக்கும் மெர்க் நிறுவனமே 2021 பிப்ரவரியில் கொரோனாவுக்கு இதில் ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டது. விற்கிறவனே வேண்டாம் என்று சொன்ன பிறகும் வாங்கத் துடித்தோம். அந்த மே மாதம் கோவா அரசு வயது வந்தோர் எல்லாருக்கும் கொடுப்பதாக அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த நம் சௌம்யா சுவாமிநாதன் வேண்டாம் என்று எச்சரித்தார், அதற்காக அவருக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. இந்திய வழிகாட்டுதலில் 'கொடுத்துப் பார்க்கலாம்' என்ற வரிசையில் இருந்த ஐவர்மெக்டினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் 2021 செப்டம்பரில் நீக்கப்பட்டன. 2022இல் பிரேசிலில் 1,358 பேரை வைத்து நடந்த ஆய்வும் பலன் இல்லை என்றது.

ஸ்டீராய்டு நல்ல மருந்துன்னு நிரூபிச்சாச்சே. முதல் நாளே போட்டா என்ன?

இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். இங்கேதான் நம் பக்கத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொண்டார்கள்.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மலிவான பழைய மருந்து. 2020 ஜூன் 16 அன்று ரெக்கவரி சொன்ன நல்ல செய்தி இதுதான். வெண்டிலேட்டரில் இருந்தவர்களில் மருந்து பெறாதவர்கள் 41.4 சதவீதம் இறந்தார்கள், பெற்றவர்கள் 29.3 சதவீதம். ஆக்சிஜன் வைத்திருந்தவர்களிலும் சாவு குறைந்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளில் மருந்து பெறாதவர்கள் 14 சதவீதமும், பெற்றவர்கள் 17.8 சதவீதமும் இறந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும், அவர்களுக்குப் பலன் இல்லை என்பது உறுதி, கெடுதல் இருக்கலாம் என்ற சந்தேகமும் வலுவானது.

காரணம் இதுதான். முதல் வாரம் உடம்பு வைரஸோடு சண்டை போடுகிறது. அப்போது ஸ்டீராய்டு கொடுத்தால் நம் படையின் கையைக் கட்டிப் போட்டதாகிவிடும். இரண்டாவது வாரம் சிலருக்கு அந்தப் படையே வெறி பிடித்து நுரையீரலை நாசம் பண்ணுகிறது. அப்போது கட்டிப் போட வேண்டும். மருந்து ஒன்றுதான், நாள்தான் வேறு.

ஆனால் 2021 மேயில் என்னிடம் வந்த சீட்டுகளில் காய்ச்சல் வந்த மறுநாளே ஸ்டீராய்டு எழுதப்பட்டிருந்தது. சீட்டே இல்லாமல் "அந்த சின்ன வெள்ளை மாத்திரை" என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. போட்டதும் காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், உடம்பு லேசாகும். அதனால்தான் ஏமாற்றுகிறது. சர்க்கரை மட்டும் சத்தமில்லாமல் முந்நூறு, நானூறு என்று ஏறும். நம் ஊரில் சர்க்கரை இருப்பது தெரியாமலே இருப்பவர்கள் ஏராளம்.

பிறகு வந்தது கருப்புப் பூஞ்சை. மூக்கு அடைப்பு, ஒரு பக்கக் கன்னத்தில் மரமரப்பு, கண் வீக்கம், பல் ஆடுவது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் அளவு தப்பிய ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பு அந்தப் பூஞ்சைக்கு உழுது போட்ட நிலம். எனக்குத் தெரிந்த ஒரு லாரி டிரைவர் கொரோனாவிலிருந்து தப்பித்தார், வலது கண்ணைக் கொடுத்து.

ரெம்டெசிவிருக்காக அவ்வளவு பேர் வரிசையில நின்னாங்களே, அதுவும் வீணா?

முழுக்க வீண் என்று சொல்ல முடியாது, ஆனால் நாம் நினைத்த மாதிரி உயிர் காக்கும் ஊசி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வு 2020 அக்டோபரிலேயே, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களின் சாவை அது குறைத்ததாகத் தெரியவில்லை என்றது. பிறகு வந்த ஆய்வில், நோய் முற்றும் முன்பே ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் கொடுத்தால் ஆஸ்பத்திரி சேர்க்கை குறைகிறது என்று தெரிந்தது. நாம் செய்ததோ தலைகீழ். நோயாளி வெண்டிலேட்டருக்குப் போகும் நிலையில் மகன் சென்னை கீழ்ப்பாக்கத்தில் விடிய விடிய வரிசையில் நின்றான். 2021 மேயில் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் விற்பனை தொடங்கியது, அங்கேயும் அதே வரிசை. அந்த நெரிசலில் தொற்று வாங்கியவர்கள் எத்தனை பேரோ. நகையை அடகு வைத்துக் கள்ளச் சந்தையில் வாங்கியவர்களும் உண்டு. அந்த மாதமே குஜராத்தில் குளுக்கோஸையும் உப்பையும் குப்பியில் அடைத்து ரெம்டெசிவிர் என்று விற்ற கும்பல் பிடிபட்டது.

"எங்கேயாவது வாங்கிட்டு வாங்க" என்று சீட்டை உறவினர் கையில் திணித்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

பிளாஸ்மா? தேறுனவங்க ரத்தத்துலருந்து எடுத்து ஏத்துனாங்களே?

பலன் இல்லை. இதைச் சொன்னது நம் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வே: 39 ஆஸ்பத்திரிகள், 464 நோயாளிகள். பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது அல்லது சாவு. பெறாதவர்களில் 18 சதவீதம். 2020 அக்டோபரில் வெளியான முடிவு, வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மேயில். நடுவில் ஏழு மாதம் ஜனங்கள் ரத்த வங்கிகளுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலீஷ் மருந்துதான் கெடுதல். நாட்டு மருந்து ஒண்ணும் செய்யாதுல்ல?

ஒன்றும் செய்யாது என்றால் எதற்குச் சாப்பிட வேண்டும்? உடம்பில் வேலை செய்யும் எதுவும் வேண்டாத வேலையும் செய்யக்கூடியதுதான்.

கபசுரக் குடிநீரை நானும் குடித்தேன். நிலவேம்பு, ஆடாதோடை, சீந்தில், திப்பிலி என்று 15 சரக்குகள். சித்த மருத்துவம் படித்த டாக்டர் ஆளைப் பார்த்து, அளவும் நாளும் சொல்லிக் கொடுப்பது ஒன்று. மதுரை கீழ மாசி வீதியில் கிலோக்கணக்கில் பொடி வாங்கி, குடும்பமே மூன்று வேளை, மூன்று மாதம் சுண்டக் காய்ச்சிக் குடித்தது வேறு. 2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் மும்பையில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை அங்குள்ள டாக்டர்கள் சீந்தில் கஷாயத்தோடு இணைத்து எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, சீந்தில் போலவே இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. இருக்கட்டும். கடைப் பொட்டலத்துக்குள் இருந்தது எந்தக் கொடி என்று நமக்கு யார் பார்த்துச் சொன்னார்கள்?

எங்கள் ஊரிலேயே அரசு ஹோமியோபதிக் கல்லூரி இருக்கிறது, அதனால் கொரோனாவைத் தடுக்கும் என்று கொடுத்த ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோபதி உருண்டை பற்றிப் பேசினால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அந்த உருண்டையால் உடம்புக்குக் கெடுதல் வந்து நான் பார்க்கவில்லை. "நான் தடுப்பு மருந்து சாப்பிட்டவன்" என்று முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு இழவு வீட்டில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் கணக்கு எல்லா வைத்தியத்துக்கும் ஒன்றுதான்: சீட்டுக் குலுக்கினாயா, எல்லாரையும் எண்ணினாயா?

வாட்ஸ்அப்ல வந்த வைத்தியங்கள்ல எது நிஜமாவே ஆபத்து?

2020 ஏப்ரலில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் வீடியோவைப் பார்த்து ஊமத்தை விதையை அரைத்துக் குடித்தவர்கள் கொத்தாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஈரானில் சாராயம் வைரஸைக் கொல்லும் என்று நம்பி மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். நம் வாடிப்பட்டிப் பக்கம் 2021 மேயில் ஒருவர் கொரோனாவுக்கு மருந்து என்று செத்த பாம்பைக் கடித்துத் தின்ற வீடியோ ஊரெல்லாம் சுற்றியது, வனத்துறை பிடித்து அபராதம் போட்டது.

பாம்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் கற்பூர மூட்டையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கற்பூரமும் ஓமமும் முடிந்து மோந்தால் ஆக்சிஜன் ஏறும் என்றார்கள். ஏறாது. குழந்தை அந்தக் கற்பூரத்தை வாயில் போட்டால் வலிப்பு வரும். ஆவி பிடிக்கும்போது கொதி தண்ணீர் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளுக்கு நானே களிம்பு கொடுத்திருக்கிறேன்.

டாக்டரே எழுதிக் குடுத்தா நாங்க என்ன செய்ய முடியும்?

மரியாதையாகக் கேட்கலாம். "சார், இது எதுக்கு? இத்தனை நாள் போடணுமா? அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு, பரவாயில்லையா?" நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு சீட்டில் எட்டு, ஒன்பது மருந்து இருந்தால் எந்த மூன்று கட்டாயம் என்று கேளுங்கள்.

டாக்டர்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு 2020 மார்ச் 25 அதிகாலை நம் ராஜாஜி ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. அன்றைக்கு உலகில் யாரிடமும் மருந்து இல்லை. வெறும் பாரசிட்டமால் எழுதினால், "ஒண்ணுமே குடுக்கல, இவரு என்ன டாக்டரு" என்று அடுத்த கிளினிக்குக்குப் போனவர்கள் நாம்தான். அதையும் என் கடைவாசலில் கேட்டிருக்கிறேன்.

ஆராய்ச்சியில சேரச் சொன்னா சேரலாமா? நம்மள எலியாக்கிருவாங்களா?

அனுமதி பெற்ற ஆய்வு என்றால் பயப்பட வேண்டாம். மருந்து ஆய்வுக்கான 2019 விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. நிரூபிக்காத மருந்தை ஆய்வு இல்லாமல் காசு கொடுத்து விழுங்குகிறவரைத்தான் எலி என்று சொல்ல வேண்டும். அவரை எண்ணுவதற்குக்கூட ஆள் இல்லை.

மருந்தால ஏதாவது ஆச்சுன்னா எங்க சொல்றது?

முதலில் டாக்டரிடம். கூடவே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பக்கவிளைவைப் பதிவு செய்யலாம். நோயாளி வீட்டாரே செய்யலாம், படித்திருக்க வேண்டியதில்லை. மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், தொகுப்பு எண் கேட்பார்கள். பொதுவான ஆலோசனைக்கு 104.

அப்ப வாங்கி வெச்ச மாத்திரை இன்னும் வீட்ல கிடக்கு. வேற எதுக்காவது ஆகுமா?

ஆகாது, காலாவதியாகியிருக்கும். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பழைய காப்பித்தூளோடோ மண்ணோடோ கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கிணற்றிலோ கண்மாயிலோ போடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் முதலில் அதைத் தேடி எடுங்கள். உடம்பு வலிக்கு நல்லா கேட்டுச்சே என்று வீட்டுப் பெரியவர்கள் அதைத்தான் ஒளித்து வைத்திருப்பார்கள். என் மாமியாரின் சுருக்குப் பையில் வெற்றிலைக்கு அடியில் போன வருடம்தான் ஆறு மாத்திரை எடுத்தேன்.